கொம்பு மட்டும் மிஞ்சிய மான்



இன்றைக்கு நாற்றங்கால், உரம், பூச்சி மருந்து எதைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. ஒரு மானைப் பற்றிப் பேசப் போகிறேன். “மானுக்கும் விவசாயத்துக்கும் என்னங்க சம்பந்தம்? ராத்திரியில் வந்து கடலைக் கொடியைத் தின்றுவிட்டுப் போகும், அதுதானே சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சம்பந்தமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் சொல்லும் மான் நம் ஊர் மான் இல்லை. சயாம் என்று நம் பாட்டன்மார் சொல்லிவந்த தாய்லாந்து நாட்டு மான். அங்கே நெல் வயல் பெருகப் பெருக அந்த மான் குறைந்தது. கடைசியில் அடியோடு போயிற்று. இன்றைக்கு அதற்கு மிச்சம் என்று சொன்னால், அருங்காட்சியகங்களிலும் சுவர்களிலும் உள்ள கொம்புகள், சில தலையோடுகள், பாரிஸ் நகரத்தில் பாடம் செய்து நிறுத்திய ஒரே ஒரு முழு உடல், அவ்வளவுதான்.

நாம் நெல் போடுகிறவர்கள். ஆகவே இந்த வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொம்பையும் தலையோட்டையும் கெடாமல் வைக்கும் வித்தை எப்படி வளர்ந்தது, நம் வீட்டில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கொம்பில் இரண்டு வகை

நாம் எல்லாவற்றையும் கொம்பு என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஆடு, மாடு, எருமை, கோடியக்கரையில் மேயும் வெளிமான் இவற்றின் கொம்பு ஒரு வகை. உள்ளே எலும்பு, அதன்மேல் நம் விரல் நகம் போன்ற பொருளால் ஆன உறை. கத்திக்கு உறை போட்ட மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். இந்தக் கொம்பு தானாக விழாது. ஒடிந்தால் ஒடிந்ததுதான்.

புள்ளிமான், கடமான் கொம்பு வேறு வகை. இது முழுக்க முழுக்க எலும்பு. ஆண் மானுக்குத்தான் முளைக்கும். முளைக்கிறபோது மேலே பட்டுப் போன்ற ரோமத்தோடு ஒரு தோல் போர்த்தியிருக்கும். அதனுள் இரத்தம் ஓடும், தொட்டால் சூடு தெரியும். கொம்பு முற்றியதும் தோல் காய்ந்துவிடும். மான் அதை மரத்தில் தேய்த்து உரித்துப் போடும். பருவம் முடிந்ததும் கொம்பு அடியோடு கழன்று விழும். பிறகு புதிதாக முளைக்கும். அதில் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் நிறைய உண்டு. விழுந்த கொம்பை முள்ளம்பன்றி தேடிவந்து கொறிப்பது இந்தச் சத்துக்காகத்தான்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், மான் கொம்பு என்பது காய்ந்த எலும்பு. அதை வைத்துக் காப்பாற்றப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். வெயில் மழை படாமல், எலி அண்டாமல் வைத்தால் போதும், நூறு வருஷம் கிடக்கும். தோல், சதை, எலும்பு, பல் அப்படி இல்லை. அவற்றைச் சுத்தம் செய்யவும் கெடாமல் வைக்கவும் பொறுமை வேண்டும். சயாம் மானின் கொம்பு மட்டும் நிறைய மிஞ்சியதற்கு இதுதான் காரணம். யாரும் அந்த மான்மேல் வைத்த அக்கறையால் மிஞ்சியதல்ல.

சயாமின் நெல்லும் மானும்

தாய்லாந்தின் நடுவே சாவ்பிரயா என்ற ஆறு ஓடுகிறது. அவர்களுக்கு அதுதான் காவிரி. பாங்காக் நகரம் அதன் கரையில்தான் இருக்கிறது. இருபுறமும் பரந்த சமவெளி. மழைக்காலத்தில் ஆறு பெருகி வெளி முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்கும். வடிந்த பிறகு உயர்ந்த புல்லும் நாணலும் மண்டும். அந்தச் சதுப்பும் புல்வெளியும்தான் நம் மானின் வீடு. அடர்ந்த காட்டுக்குள் அது போகாது. ஓர் ஆண் மான், சில பெண் மான்கள், குட்டிகள் என்று சிறு கூட்டமாக மேயும்.

இதன் கொம்புதான் விசேஷம். புள்ளிமானுக்கு ஒரு கொம்பில் மூன்று முனை இருக்கும் என்பது நமக்குத் தெரியும். இந்த மானுக்குக் கிளை ஒவ்வொன்றும் மறுபடி மறுபடி கவைத்துப் பிரிந்து, தலைமேல் ஒரு பிரம்புக் கூடையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். ஒரே தலையில் இருபதுக்கும் மேற்பட்ட முனைகளை எண்ணியிருக்கிறார்கள்.

1857 முதல் பாங்காக்கில் ஆங்கில அரசின் தூதராக இருந்தவர் சர் ராபர்ட் ஷாம்பர்க். எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியல் அறிஞர் 1863ல் இந்த மான் தனி இனம் என்று எழுதி, அந்தத் தூதரின் பெயரையே அதற்கு வைத்தார். அதனால் இதற்கு ஷாம்பர்க் மான் என்று பெயர். இந்தப் பிளைத் நம் நாட்டுக்குப் புதியவர் அல்ல. 1841லிருந்து இருபது வருஷம் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்து வந்தவர். அவர் இந்த இனத்தைப் பிரித்துச் சொன்னது, மேய்கிற மானைப் பார்த்து அல்ல. கொம்பைப் பார்த்துத்தான்.

அதே காலத்தில் சயாமில் இன்னொரு மாறுதல். 1855ல் சயாம் அரசரும் ஆங்கிலேயரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்பின் சயாம் அரிசிக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்தது. கப்பல் கப்பலாக அரிசி போயிற்று. வெளியில் கிராக்கி இருந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரிசு என்று கிடந்த நிலமெல்லாம் வயலாயிற்று. 1890களில் பாங்காக்குக்கு வடக்கே ரங்சிட் என்ற பகுதியில் பெரிய வாய்க்கால்களை வெட்டி, சதுப்பு நிலத்தை நெல் நிலமாக்கத் தொடங்கினார்கள். நம்மவர்கள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடும் வேலை அது. ஆனால் அந்தச் சதுப்புதான் மானின் வீடு.

மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் மான்கள் மேட்டுத் திட்டுகளில் ஒதுங்கும். நான்கு பக்கமும் தண்ணீர். ஓட வழியில்லை. வேட்டைக்காரர்கள் படகில் போய்ச் சூழ்ந்துகொள்வார்கள். புல்வெளி பரந்து கிடந்த காலத்தில் மான்கள் ஒதுங்கப் பல திட்டுகள் இருந்தன. வயல் பெருகியபின் திட்டுகள் குறைந்தன. இருந்த சிலவற்றிலேயே எல்லாம் வந்து சேர்ந்தன. ரயில் பாதை வந்ததும் வேட்டைக்கு வருகிறவர்களும் கூடினார்கள். கொம்புக்குச் சீன மருந்துக் கடைகளில் நல்ல விலையும் கிடைத்தது.

இதில் நெல் போட்ட சயாம் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அவனும் நம்மைப் போலப் பிள்ளைகுட்டிக்காரன்தான். ஆனால் முழுச் சமவெளியையும் உழும்போது ஒரு மூலையாவது மானுக்கு என்று விட வேண்டும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. அரசாங்கமும் யோசிக்கவில்லை. வந்து கொம்பு சேகரித்த வெள்ளைக்காரர்களும் யோசிக்கவில்லை.

காட்டில் இருந்த கடைசி மான் என்று பதிவானது 1932ல் சுடப்பட்டது. ஒரு கோயிலில் வளர்ந்துவந்த மானை 1938ல் ஒருவன் குடிபோதையில் கொன்றான். கூட்டில் இருந்ததில் அதுதான் கடைசி. ஐரோப்பாவில் சில விலங்குக் காட்சிசாலைகளிலும் இந்த மானை வைத்திருந்தார்கள். பெர்லினில் 1911ல் எடுத்த படம் இருக்கிறது. பாரிஸ் காட்சிசாலையில் இருந்த ஒன்று 1868ல் செத்தது. பாடம் செய்து நிற்கிறது என்று முன்னே சொன்னேனே, அது இந்த மான்தான்.

சுவரில் என்ன தெரிகிறது?

அந்தக் காலத்துச் சீமான்கள் வேட்டையாடிய தலைகளைச் சுவரில் மாட்டுவார்கள். கொம்பின் நீளம், சுற்றளவு, முனைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அளந்து போட்டி போடுவார்கள். லண்டனில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழில் நடத்திய ரோலண்ட் வார்ட் என்பவர், யார் சுட்டது எத்தனை அங்குலம் என்று பட்டியல் போட்டு 1892ல் புத்தகமே வெளியிட்டார். நம் நாட்டுக் கடமானும் காட்டெருமையும் அந்தக் கணக்கில் ஏறின.

ஷாம்பர்க் மானின் கொம்பும் இப்படியே பல கை மாறிற்று. அங்குலம் தெரிந்தது. அழகு தெரிந்தது. ஆனால் அந்த மான் எந்த மாதத்தில் குட்டி போட்டது, எந்தப் புல்லை விரும்பித் தின்றது, கோடையில் தண்ணீருக்கு எங்கே போனது என்று பக்கத்திலிருந்து பார்த்து முறையாக எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை. பல கொம்புகளில் எந்த ஊர், எந்த வருஷம் என்ற குறிப்புகூட இல்லை. குறிப்பில்லாத கொம்பு, சீட்டு இல்லாத விதை மூட்டை மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும். என்ன ரகம், எந்த வயல், எந்தப் பட்டம் என்று கேட்டால் பதில் கிடையாது.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் 1853–54 குளிர்காலத்தில் ஏரிகளின் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்தது. சூரிச் ஏரிக்கரைச் சேற்றில் பழைய மரக்கால்கள் தெரிந்தன. பல ஆயிரம் வருஷத்துக்கு முன் அங்கே வீடு கட்டி வாழ்ந்தவர்களின் ஊர் அது. அவர்கள் தின்று போட்ட எலும்புகளும் அங்கேயே கிடந்தன. குப்பைதானே என்று யாரும் அள்ளிக் கொட்டிவிடவில்லை. எந்த ஊர்ச் சேற்றில் கிடைத்தது என்ற குறிப்போடு வைத்தார்கள். பாசல் நகரப் பேராசிரியர் லுட்விக் ருட்டிமேயர் அவற்றை அளந்து ஒப்பிட்டு 1861ல் ஒரு நூல் எழுதினார். எது காட்டு மாடு, எது வீட்டு மாடு, மனிதன் பழக்கிய பிறகு விலங்கின் எலும்பு எப்படி மாறுகிறது என்றெல்லாம் எலும்பிலிருந்தே எடுத்துச் சொன்னார். மாடு வளர்ப்பின் வரலாற்றை எழுத வழிகாட்டிய நூல்களில் அதுவும் ஒன்று.

பார்த்தீர்களா? அழகான கொம்பு வாய் திறக்கவில்லை. குப்பையில் கிடந்த எலும்பு பேசிற்று. வித்தியாசம் குறிப்பில்தான்.

சுத்தம் செய்த வித்தை

இனி, எலும்பைச் சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். இதற்கும் வரலாறு உண்டு.

வேட்டைக்காரர்கள் தலையை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்துச் சதையைச் சுரண்டினார்கள். சீக்கிரம் முடியும். ஆனால் அதிகம் கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள்ளேயே இறங்கிவிடும். பிற்பாடு மஞ்சள் பூத்து எண்ணெய் கசியும். மண்டையின் மூட்டுகள் விட்டுப்போகும், பல் உதிரும். மூக்கினுள் இருக்கும் தாள் போன்ற எலும்பு நொறுங்கிப் போகும்.

அருங்காட்சியகங்களில் வெகுகாலமாகச் செய்த முறை, தண்ணீரில் ஊறப்போடுவது. நாம் சணலை ஊறவைத்து நார் எடுப்பதில்லையா, அதே தத்துவம். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் சதையைத் தின்றுவிடும், எலும்பைத் தொடாது. நாற்றம் மட்டும் தாங்க முடியாது.

இன்னொரு முறை வண்டு. அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் சார்லஸ் பங்கர் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். காய்ந்த சதையைத் தின்னும் ஒரு வண்டைப் பெட்டியில் வளர்த்து, அதனுள் தலையோட்டை வைத்தார். புழுக்கள் ஊசி நுழையாத இடத்திலும் நுழைந்து சதையைத் தின்று எலும்பை விட்டுவைத்தன. 1933ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹால், ரஸ்ஸல் என்ற இருவர் இந்த முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். இன்றும் பெரிய அருங்காட்சியகங்கள் இப்படிச் செய்கின்றன.

இந்த வண்டு உங்களுக்குப் பழைய பகையாளிதான். கருவாட்டு மூட்டையைத் துளைக்கும் ரோமப் புழு இருக்கிறதே, அது இந்தக் குடும்பம். சேமிப்புக் கோதுமையை மாவாக்கும் கப்ரா வண்டும் இதே குடும்பம். அதனால் வீட்டில் இதை வளர்க்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அருங்காட்சியகத்திலேயே வண்டுப் பெட்டியைத் தனி அறையில் பூட்டி வைக்கிறார்கள். தப்பி வந்தால் பாடம் செய்த தோலையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

அந்தப் பயத்தில்தான் தோலுக்குப் பாஷாணம் தடவும் வழக்கம் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மெட்ஸ் நகரத்து மருந்து வியாபாரி பெக்கர் என்பவர் ஆர்சனிக் கலந்த சோப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பக்குவத்தை வெளியில் சொல்லவில்லை. பிற்காலத்தில் அது உலகமெங்கும் பரவியது. எனவே பழைய பங்களாவிலோ ஜமீன் வீட்டிலோ பாடம் செய்த தலையைப் பார்த்தால் வெறுங்கையால் தடவாதீர்கள். குழந்தைகளைத் தொட விடாதீர்கள். நூறு வருஷம் ஆனாலும் ஆர்சனிக் ஆர்சனிக்தான்.

நாம் செய்யலாமா?

செய்யலாம், வீட்டு விலங்குக்கு மட்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பல், தாடை, கண்குழி என்று படத்தில் காட்டுவதைவிட ஓர் ஆட்டுத் தலையோட்டைக் கையில் கொடுத்துக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு எச்சரிக்கைகளை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, நோய். ஆடோ மாடோ திடீரென்று செத்து விழுந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருத்த இரத்தம் வந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். கத்தியே வைக்கக் கூடாது. தோல் உரிக்கக் கூடாது. அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு விதை மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். மண்ணில் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். மனிதனுக்கும் வரும். கால்நடை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வெறிநாய் கடித்த விலங்கின் தலையையும் தொட வேண்டாம். கறிக்காக அறுத்த நல்ல ஆட்டின் தலை மட்டும்தான் இதற்கு ஏற்றது.

செத்த மாட்டின் எலும்பை மேய்ச்சல் தரையில் போட்டுவைப்பதும் தவறு. மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் மேயும் மாடு எலும்பைக் கடிக்கும். அழுகின எலும்பிலுள்ள நஞ்சு மாட்டை முடக்கிக் கொன்றுவிடும். தென்னாப்பிரிக்காவில் அர்னால்டு தெய்லர் என்ற கால்நடை விஞ்ஞானி 1920களிலேயே இதை நிரூபித்துக் காட்டியிருக்கிறார்.

இரண்டாவது, சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பை எடுப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். “நான் சுடவில்லைங்க, தானாக விழுந்து கிடந்தது” என்றாலும் குற்றம்தான். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். விழுந்த கொம்புக்கு விலை உண்டு என்று ஆகிவிட்டால், விழும்வரை காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது. சயாமில் நடந்தது அதுதானே? தாத்தா காலத்துக் கொம்பு வைத்திருந்தவர்கள் அதைத் தெரிவிக்க 2003ல் அரசாங்கம் 180 நாள் அவகாசம் கொடுத்தது. அப்போது தெரிவிக்காமல் விட்டவர்கள் பரணில் ஒளித்து வைக்காமல், விற்கவும் முயலாமல், வனச்சரக அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

இனி முறை. கிடாய்த் தலையை உரித்து, கண், நாக்கு, முடிந்த மட்டும் சதை ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். பின்பக்கம் கழுத்து சேரும் துளை வழியே கம்பியால் மூளையைக் கலக்கித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தலையை ஒரு நைலான் வலையில் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி அமிழ்த்துங்கள். வாளி வீட்டுக்குத் தள்ளி, நாய் எட்டாத இடத்தில் இருக்கட்டும். சில நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். எல்லாவற்றையும் கொட்டினால் வேலை செய்யும் நுண்ணுயிரும் போய்விடும். கொட்டும் தண்ணீரைத் தென்னை மரத்துக்கு விடலாம். ஆனால் வடிகட்டிப் பாருங்கள், உதிர்ந்த பல் அதில் இருக்கும்.

சில நாளில் கொம்பின் உறை இளகிக் கழன்று வரும். பயப்பட வேண்டாம். உறை போட்ட கத்தி என்று சொன்னேனே, அதுதான். உறையைத் தனியே கழுவி நிழலில் காயவைத்து, கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு வாரத்தில் சதை முழுக்கப் போய்விடும். பிறகு சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் சில நாள் வைத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். வெளுப்பு வேண்டுமானால் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள், இரண்டு நாள் ஊறட்டும். பிளீச்சிங் பவுடரை மட்டும் தொடாதீர்கள். முதலில் பளிச்சென்று இருக்கும். அப்புறம் எலும்பு பொடிந்து மாவாகும். நிழலில் காயவைத்து, உதிர்ந்த பல்லை அதனதன் குழியில் ஒட்டினால் வேலை முடிந்தது.

இல்லை, முடியவில்லை. இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒரு சீட்டு எழுதுங்கள். என்ன இனம், கிடாயா பெட்டையா, வயது, எந்த ஊர், எந்தத் தேதி, யார் வீட்டு ஆடு. சீட்டில் ஓர் எண் போட்டு, அதே எண்ணை எலும்பின்மேலும் அழியாத மையால் எழுதுங்கள். சீட்டு தொலைந்தாலும் எண் பேசும். நம் நாட்டு ஆட்டினங்கள் பலவும் கலப்பில் கரைந்துவருகிற காலம் இது. இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும் கிடாயின் தலையோடு, ஐம்பது வருஷம் கழித்து ஓர் ஆராய்ச்சிக்காரருக்கு அரிய பொருளாக இருக்கும், சீட்டு இருந்தால்.

கழுவாத கொம்பு சொன்ன சேதி

ஷாம்பர்க் மானின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 1991ல் ஐக்கிய நாடுகள் சபைக்காக வேலை பார்த்த லாரன்ட் ஷசே என்ற வேளாண் நிபுணர் வடக்கு லாவோஸில் ஒரு மருந்துக் கடையில் ஒரு ஜோடிக் கொம்பைப் பார்த்துப் படம் பிடித்தார். நம்மைப் போல ஊர் ஊராய்ச் சுற்றும் விவசாயத் துறை மனிதர்! அது ஷாம்பர்க் மானின் கொம்பு என்று பிற்பாடு தெரிந்தது. அந்தப் படங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், கொம்பின் அடியில் காய்ந்திருந்த இரத்தத்தையும் எலும்புச் சோற்றையும் பார்த்து, அந்த மான் 1991க்குச் சற்று முன்புவரை உயிரோடு இருந்திருக்கலாம் என்று 2019ல் கருத்துத் தெரிவித்தார்கள். நன்றாகக் கழுவி மெருகேற்றி மாட்டிய நூறு கொம்புகள் சொல்லாத சேதியை, கழுவாத ஒரு கொம்பும், ஊரும் வருஷமும் தெரிந்த ஒரு படமும் சொல்லின. அதற்குப் பிறகு அந்த மானை யாரும் உயிரோடு பார்த்ததாக நிச்சயமான பதிவு இல்லை.

இந்த மானுக்கு நெருங்கிய உறவு நம் நாட்டிலேயே இரண்டு உண்டு. ஒன்று பாரசிங்கா. மத்தியப் பிரதேசத்தில் கன்ஹா காட்டில் 1970ல் அது 66 மட்டுமே மிஞ்சியது. மற்றொன்று மணிப்பூரின் சங்காய். 1975ல் விமானத்தில் பறந்து எண்ணியபோது 14 இருந்தது. இரண்டும் புல்லையும் சதுப்பையும் நம்பி வாழ்பவை. புல்வெளியை ஒதுக்கிப் பாதுகாத்தார்கள். சங்காய்க்காக 1977ல் கெய்புல் லாம்ஜாவ் தேசியப் பூங்கா வந்தது. பாரசிங்கா இன்று பல நூறாகப் பெருகியிருக்கிறது. சங்காயும் இருநூறைத் தாண்டியது. அங்கே பாதுகாத்தது கொம்பை அல்ல, கொம்பு முளைக்கும் தலையை. அந்தத் தலை மேய்கிற புல்லை.

மான் வயலில் இறங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். வேலி, நஷ்ட ஈடு என்று கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கண்ணி வைக்காதீர்கள், வெடி வைக்காதீர்கள். ஏரிப் புறம்போக்கிலும் மேய்ச்சல் தரையிலும் மிச்சமிருக்கும் புல்லை அரை ஏக்கர் நெல்லுக்காக உழுதுவிடாதீர்கள். அது உங்கள் மாட்டுக்கும் வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு ஆட்டுத் தலையோடு செய்து கொடுக்க விரும்புகிறவர்கள் முதலில் தங்கள் ஊர் கால்நடை மருத்துவரைப் பார்த்துப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். சீட்டு எழுத மறக்க வேண்டாம்.